உறுமியது கோபத்தில் அல்ல

போன வருடம் ஆனி மாதம் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில். புளியங்கூடலில் நாங்கள் இருவரும் எங்கள் நாய் ஜிம்மியும் மட்டும்தான்.

உயிர் தப்பியதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் போராட்டம். கையைப் பிடித்துத் தூக்கி இருத்தியவுடன் முகத்தைச் சுளிப்பார். சோற்றுக் கோப்பையை இடது கையால் தட்டிவிடுவார். தொண்டைக்குள் ஓர் உறுமல். என்னை வெறுக்கிறார் என்றே நினைத்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானும் கடுமையாகப் பேசிவிட்டேன். பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டு அக்காவை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு நயினாதீவுக் கோயிலுக்குப் போனேன். நாகபூசணி அம்மாளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். தாயே, இவருக்கு ஒரு சொல்லையாவது திருப்பித் தா. நாள்கள் போயின. சொல் வரவில்லை. விளக்கு ஏற்றவும் மனம் வரவில்லை.

அந்த நாள்களில் ஜிம்மியும் மாறியிருந்தது. வாசல் படலையடிக்கு ஓடி வருவதில்லை. நிழலில் சும்மா படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கியது. வாயில் எடுத்த சோற்றைக் கீழே போட்டது. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் அதன் தலையைத் தடவப் போனேன். உறுமிப் பல்லைக் காட்டியது. ஏழு வருடத்தில் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. விளக்குமாற்றை ஓங்கினேன்.

கட்டிலில் தட்டும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் கணவர் இடது கையால் நாயைக் காட்டினார். பிறகு தன் கன்னத்தைத் தொட்டார். திரும்பத் திரும்ப அதையே செய்தார். குனிந்து பார்த்தேன். ஜிம்மியின் ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

ஓட்டோவில் ஏற்றி வேலணைக்குக் கொண்டுபோனேன். பல்லடியில் சீழ் கட்டியிருக்கிறது என்றார் மிருக வைத்தியர். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கடிக்க வந்தது என்று அவரிடம் முறையிட்டேன்.

"அம்மா, அது கோபமில்லை, நோவு. நாய் லேசிலை கத்தாது. நொந்த இடத்தைத் தொட்டால் உறுமும், சாப்பாட்டை விடும், ஒதுங்கிப் படுக்கும். நாங்கள்தான் பாத்து விளங்கவேணும்," என்றார்.

வீடு வரும்வரை அந்தச் சொற்களே காதில் நின்றன. உடுப்பும் மாற்றாமல் கட்டிலடியில் இருந்தேன்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கும் எங்கையும் நோகுதோ?"

அவர் என் கையைப் பிடித்துத் தன் வலது தோளில் வைத்தார். அவருடைய கண் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் நான் இழுத்துத் தூக்கியது அந்தக் கையைத்தான்.

அடுத்த நாளே ஆஸ்பத்திரியில் காட்டினேன். தோளில் நோவு இருப்பது உண்மைதான் என்றார்கள். கையை இழுக்காமல் முதுகைத் தாங்கி இருத்தப் பழக்கிவிட்டார்கள். அந்தக் கிழமைக்குள்ளேயே அவர் கோப்பையைத் தட்டுவதை நிறுத்தினார். பல்லைக் கழற்றிய பிறகு ஜிம்மியும் பழையபடி சாப்பிட்டது.

இன்றுவரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனாலும் அம்மாள் என் வேண்டுதலைக் கேட்டாள் என்று எங்கும் சொல்வேன். அவருக்கு என்ன செய்கிறது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அவரைத் தொடுமுன் முகத்தைப் பார்க்கிறேன்.

அடியார்களே, உங்கள் வீட்டிலும் வாய்விட்டுச் சொல்ல ஏலாத ஒரு சீவன் இருக்கலாம். அம்மாளை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, போய் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருங்கள்.