மின்சாரம் நின்ற நாட்களில் அக்கா நடந்தார்

முப்பத்தோராம் நாளுக்கு இந்த நினைவு மலர் அச்சாக வேண்டும், அக்காவைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொல்லி இரண்டு வாரமாகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அக்காவின் நற்பண்புகளை மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அந்தத் தொலைபேசியைப் பற்றி எழுதாமல் எனக்கு ஆறாது.

அக்கா யாழ்ப்பாணக் கடலிலுள்ள நயினாதீவில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். எங்கள் தகப்பனாரான ஐயா இலங்கையின் தெற்கில் ஒரு சிறு நகரத்தில் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடை எரிந்தபின் ஒரேயொரு பெட்டியோடு ஊருக்குத் திரும்பினார். அதன்பிறகு அவர் மனத்தால் எழும்பவேயில்லை. அப்போது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்கு ஏழு. அக்கா குடும்பநல உத்தியோகத்தராக, ஊர்வழக்கில் சொன்னால் மருத்துவிச்சியாக, பயிற்சி பெற்று நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் பின்னர் எங்கள் ஊரிலும் வேலை பார்த்தார். இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் பள்ளிக்கூட வகுப்பறைகளில் சேலையை மறைப்பாகக் கட்டிப் பிள்ளைப்பேறு பார்த்திருக்கிறார். கலியாணமாகி ஆறாம் வருடம் அத்தான் காலமானார். பிள்ளைகள் இல்லை. என்னைப் படிப்பித்ததும் கனடாவுக்கு அனுப்பியதும் அக்காதான்.

அக்காவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சாப்பிடும்போதும் ஒரு காது தொலைபேசிப் பக்கம் இருக்கும். ஓய்வு பெற்ற பின்னும் பிள்ளைத்தாய்ச்சிகள் அவரைத்தான் கேட்டார்கள். கால் வீங்கியிருக்கிறது, பிள்ளையின் துடிப்புக் குறைந்தமாதிரி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போவதா பொறுப்பதா என்று வீட்டுத் தொலைபேசிக்குத்தான் எடுப்பார்கள். நான் வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசிக்கு வீட்டுக்குள் சிக்னல் சரியாக வராது. ஊருக்குப் பாடமாயிருந்ததும் வீட்டு இலக்கம்தான்.

உப்புக்காற்றில் பழைய செப்புக் கம்பி இற்றுப்போனது. மழை பெய்தால் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்காது. இனிக் கம்பியைத் திருத்தமாட்டோம், இணையவழித் தொலைபேசிக்கு மாறுங்கள், இலக்கம் மாறாது என்று நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. அக்கா அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். நான் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதையே கேட்டேன். ஊருக்காகக் கேட்டேன் என்று சொன்னால் பொய். அக்காவின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும், முகத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கேட்டேன்.

"கரண்ட் நிண்டா உது வேலை செய்யுமோ, பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டார்.

"அதுக்குப் பற்றரி ஒண்டு பூட்டலாம், அக்கா. பிறகு பாப்பம்."

பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் அதன் கம்பியோடேயே வரும். தீவு முழுவதும் மின்சாரம் நின்றாலும் அது ஒலிக்கும். இது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிறகு பார்ப்போம் என்றேன்.

எதிர்க்கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறி வந்த ஊழியர் கூரையில் ஒரு அன்ரனாவையும் சுவரில் ஒரு சிறு பெட்டியையும் பொருத்தினார். பழையதையும் கழற்றாமல் விட ஏலாதோ என்று அக்கா அவரிடம் கேட்டாராம். ஒரு இலக்கம் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு அக்காவின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் வந்தது. என் குசினியில் நான் சமைக்கும்போது தண்ணீர்க் குழாய் ஓடுவதுகூடத் தனக்குக் கேட்கிறது என்று அக்கா சிரித்தார்.

இரண்டு மாதத்தில் மாரி மழை தொடங்கியது. ஒருநாள் காலை அடித்த காற்றில் மின்சாரம் நின்றது. சுவரிலிருந்த பெட்டியின் விளக்குகள் அணைந்தன. சற்று நேரத்தில் கைத்தொலைபேசிக் கோபுரமும் வேலை செய்யவில்லை. அக்கா ரிசீவரைத் தூக்கிப் பார்த்தார். கதிரையில் இருந்தார், எழும்பினார், திரும்பவும் தூக்கிப் பார்த்தார். அப்போது ஊரில் மூன்று பேருக்கு மாதம் நெருங்கியிருந்தது. மூவரின் வீட்டுக்கும் நேரே போவதென்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

முதல் இரண்டு வீட்டிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது சுகந்தியின் வீடு. கணவன் யாழ்ப்பாணத்தில் வேலைக்குப் போயிருந்தார். கதவு சாத்தியிருந்தது, கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. உள்ளே போனபோது குசினி நிலத்தில் இரத்தப்பெருக்கோடு சுகந்தி கிடந்தார். அக்கா அயலவரின் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் பாயை விரித்து அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டும், ஆனால் கடல் பொங்கிக்கொண்டிருந்தது. காற்றுச் சற்றுத் தணிந்த இடைவெளியில் படகை எடுத்தார்கள். குறிகட்டுவான் வரும்வரை அக்கா சுகந்தியின் தலையை மடியில் வைத்திருந்தார். அன்று பின்னேரம் சத்திரசிகிச்சை நடந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

மறுநாள் மின்சாரம் வந்ததும் அக்கா எனக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னார். ஏசவில்லை.

"போன் நல்லாய்த்தான் கதைக்குது, பிள்ளை. ஆனா அந்தப் பெட்டை சுகந்தி எனக்குப் போன் அடிச்சிருந்தா கேட்டிருக்காது."

அந்த வாரமே ஆள் பிடித்துப் பற்றரி பூட்டுவித்தேன். மின்சாரம் நின்றாலும் நாலு மணித்தியாலம் தாங்கும். ஆனால் அக்கா அதை நம்பவில்லை. மூன்று வருடமாக, மின்சாரம் நின்றால் குடையைத்தான் எடுத்தார். இருதயம் பலவீனம், அதிகம் நடக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னார். நானும் மன்றாடினேன். ஓம், ஓம் என்பார், பிறகு நடப்பார்.

இந்த ஐப்பசியில் ஒருநாள், வேலைக்குப் புறப்படுமுன் அக்காவுக்கு எடுத்தேன். ஊரில் அப்போது பின்னேரம். மணி தெளிவாகப் போனது. நாலு முறை எடுத்தேன், ஒருவரும் தூக்கவில்லை. ஊரில் மின்சாரம் இல்லை என்பது எனக்குத் தெரியாது. பற்றரியில் தொலைபேசி ஒலித்துக்கொண்டிருந்தபோது அக்கா நடந்துபோன ஒழுங்கைப் பாதையின் முடக்கில் விழுந்து கிடந்தார். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். நான் விமானத்தால் இறங்குமுன் போய்விட்டார்.

முதல்நாளே பற்றரி பூட்டியிருந்தால் அக்கா இந்த நடையைப் பழகியிருக்கமாட்டார். நான் வற்புறுத்தாமலே இருந்திருந்தால் அந்தக் கம்பி இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? யோசித்து முடித்த இடத்திலிருந்து திரும்பவும் தொடங்குகிறேன். வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு கதிரையில் அரை மணித்தியாலம் நான் இருந்ததில்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவன்று சுகந்தி தன் மூன்று வயது மகளோடு வந்திருந்தார். நான் அவரைப் பின்பக்கம் கூட்டிப்போய், அன்று எத்தனை தரம் போன் அடித்துப் பார்த்தீரோ, என்னால்தான் அது கேட்கவில்லை, மன்னித்துக்கொள்ளும் என்றேன். சுகந்தி விளங்காமல் பார்த்தார்.

"நான் எங்க அன்ரி அடிச்சனான்? என்ரை போன் அறைக்குள்ள கிடந்தது. எனக்கு எழும்ப ஏலாது. உங்கட போன் வேலை செய்திருந்தா, தேவையெண்டா அடிப்பினம்தானே எண்டு உங்கட அக்கா வீட்டிலை இருந்திருப்பா. அது நிண்டபடியாத்தான் வந்தவ."

மூன்று வருடம் நானும், ஒருவேளை அக்காவும், வராத ஒரு அழைப்பை நினைத்தே தவித்திருக்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்குகிறது. ஆனாலும் முழு நிம்மதி வரவில்லை.

ஒழுங்கையில் அக்காவைத் தூக்கியவர்களுக்கும், படகோட்டிகளுக்கும், சிகிச்சை அளித்த டொக்டர்மார், தாதிமாருக்கும், நான் வரும்வரை வீட்டில் விளக்கேற்றிச் சமைத்துப் பார்த்த அயலவருக்கும், கிரியைகளை முறைப்படி செய்வித்த ஐயருக்கும், தீவுகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்து துயரைப் பகிர்ந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் தலைவணங்குகிறது. பெயர் விடுபட்டவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா விழுந்த அன்று கைப்பையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. அதில் ஒரு பெயரும் பிள்ளை பிறக்கவேண்டிய திகதியும் எழுதியிருந்தன. அன்று அக்கா போகப் புறப்பட்ட வீடு அது. சென்ற கிழமை மின்சாரம் நின்றபோது விசாரித்துக்கொண்டு நான் அந்த வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் கதிரை போட்டுத் தேத்தண்ணீர் தந்தார். கிளினிக்குக்குப் போகிறீரா, பிள்ளை துடிக்கிறதா என்று கேட்டேன். ஓம் என்றார். அதற்குமேல் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

தங்கை