முதல் மணியிலேயே எடுத்த மகள்

போன தை மாதம், டெல்லி துவாரகாவில் நடந்தது. என் கணவரோடு வேலை செய்யும் தமிழ் நண்பர் ஒருவரின் மகனுக்குக் கல்யாண ரிசப்ஷன். நம் ஊரில் என்றால் மேடையேறி, போட்டோவுக்குப் பல்லைக் காட்டிவிட்டு நேரே சாப்பாட்டுக்குப் போய்விடலாம். இங்கே விட மாட்டார்கள். ஆங்கர் என்று ஒருவர் மைக்கும் கையுமாக வந்து, விருந்தாளிகளை விளையாட வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அன்றைய விளையாட்டு இதுதான். மேஜைக்கு ஒரு ஜோடி எழுந்து, தங்கள் பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்க வேண்டும். யார் பிள்ளை முதலில் எடுக்கிறதோ அவர்களுக்குப் பரிசு. எங்கள் மேஜையில் இருந்த தமிழ் ஆபீஸ்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து எங்களைக் கிளப்பிவிட்டார்கள். எனக்குப் பயமாகிவிட்டது.

பயம் இருக்காதா பின்னே? எங்களுக்கு ஒரே மகள். வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டு புனேவுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து இவர் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசக் கூடாது என்று உத்தரவு. நான் கேட்பேனா? தினமும் லஞ்ச் நேரத்தில் என் ஆபீஸ் மொட்டைமாடிக்குப் போய் அவளைக் கூப்பிட்டுவிடுவேன். அன்று ரிசப்ஷனுக்காக இரண்டு பேருமே லீவு. இவர் பக்கத்திலேயே இருந்ததால் பேச முடியவில்லை. இவர் ஆபீஸிலோ, மகள் ஜெர்மனியில் படிக்கிறாள் என்று கதை கட்டி வைத்திருந்தார்.

"அங்கிள்ஜி, ஜல்தி கீஜியே!" என்று ஆங்கர் அவசரப்படுத்தினார். மறுத்தால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள். தன் நம்பரைப் பார்த்தால் அவள் எடுக்கவே மாட்டாள் என்ற தைரியத்தில் இவர் போனைப் போட்டார்.

முதல் மணிகூட முழுசாக அடிக்கவில்லை.

"அப்பா? அம்மாவுக்கு என்னாச்சு? மத்தியானமே அம்மா போன் வரல... அம்மா இருக்காங்களா, இல்லையா? சொல்லுங்கப்பா!"

ஹால் முழுக்க அவள் குரல். தமிழ் தெரியாத ஆங்கர், "க்யா பாத் ஹை! ஃபர்ஸ்ட் ரிங்!" என்று கத்தினார். மற்ற மேஜைகளில் எல்லாம் கைதட்டல். தமிழ் புரிந்த எங்கள் மேஜையில் மட்டும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் போனைப் பிடுங்குவதற்குள் இவர், "இருக்கா" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கையில் ஒரு டின்னர் செட்டைத் திணித்து எங்களைப் போட்டோ வேறு எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தோம்.

திரும்பும்போது காரில், "எப்பலேருந்து அவகிட்ட பேசுற?" என்று கேட்டார்.

"அவ போன நாள்லேருந்து."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவி மனுஷன், மறுபடி ஒருமுறை கூப்பிட்டு அந்தப் பெண்ணைத் தேற்றியிருக்கக் கூடாதா? இன்றுவரை கூப்பிடவில்லை.

அப்பாவிடமிருந்து போன் வந்தால் அம்மா செத்துவிட்டாள் என்றுதான் அர்த்தம் என என் மகள் மனதில் முடிவு கட்டி வைத்திருக்கிறாள்; அவள் நினைப்பதில் தப்பே இல்லை என்பதைத்தான் இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.