திறக்காத அறைக்கதவு

மத்தியாஸ் புன்னைக்காயல்காரர். துபாயில் ஒரு படகுப் பட்டறையில் பத்தொன்பது ஆண்டுகள் பாய்மரங்களுக்குக் கம்பி கட்டியவர். ஊர் திரும்பிய பிறகு அந்த வேலைக்கு அவரைத் தேடி யாரும் வரவில்லை. மச்சான் ஜோன்ஸின் ஃபைபர் படகில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். அதனால் வண்ணார்பேட்டைப் பல் டாக்டர் பாலசுப்பிரமணியன் வந்து அழைத்தபோது அவருக்குக் கை பரபரத்தது.

டாக்டர் கொச்சியில் வாங்கிய பாய்மரப் படகுக்கு முப்பத்தைந்து வயது. ஆறு கடலில் சேரும் இடத்தில் நங்கூரமிட்டு நின்றது. காற்றுக்கு எதிராக ஏறும்போது முன்பாய் தொய்கிறது, சரிசெய்ய வேண்டும் என்றார். பாய்மர உச்சியிலிருந்து படகின் பின்முனைக்கு இறங்கும் கம்பிக்குப் பேக்ஸ்டே என்று பெயர். அதை இறுக்கினால் பாய்மரம் பின்னால் வளையும், முன்பாய் விறைக்கும். இறுக்குவதற்கான அட்ஜஸ்டரை டாக்டரே வாங்கி வைத்திருந்தார். இரண்டு கைப்பிடி வைத்த, முழங்கை நீள எஃகுத் திருகு அது.

வியாழக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. பாயேற்றும் கயிற்றைப் பின்னால் இழுத்துக் கட்டி, பாய்மரம் சாயாமல் நிறுத்திவிட்டு, பேக்ஸ்டேயைக் கழற்றினார். திருகின் நீளத்தை அளந்து கம்பியை அறுத்தார். புது முனையைப் பூட்டித் திருகை மாட்டினார். ஒன்றும் பிசகவில்லை. பிறகு முறுக்கத் தொடங்கினார்.

பன்னிரண்டாவது சுற்றில் உள்ளே ஏதோ முனகியது. இறங்கிப் பார்த்தார். காலையிலிருந்து தானாக ஆடிக்கொண்டிருந்த கழிப்பறைக் கதவு சட்டத்தில் இறுகி நின்றது. தோளால் தள்ளியும் அசையவில்லை. ஐந்து சுற்று தளர்த்தினார், திறந்துகொண்டது. மறுபடி முறுக்கினார், மறுபடி இறுகியது. படகே வில்லாக வளைகிறது என்று அவருக்குப் புரிந்தது. தரைப்பலகையைத் தூக்கினார். பாய்மரத்தின் அடியைத் தாங்கும் கட்டை உளுத்திருந்தது; ஸ்க்ரூடிரைவர் அதற்குள் தடையில்லாமல் இறங்கியது.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். கொச்சியில் சோதித்துக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள், மழைக்காலத்தில் கட்டையை மாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருச்செந்தூர் வரை போவதாக ஏற்பாடு. மத்தியாஸ் ஏழாவது சுற்றில் திருகின் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார்.

"இதத் தாண்டி முறுக்கிராதீங்கய்யா. பாய்மரம் அடியப் பொத்துக்கிட்டு எறங்கிரும்."

டாக்டர் தலையசைத்தார். கைப்பிடிகளைக் கழற்றி எடுத்துப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார் மத்தியாஸ். படகு தன்னுடையதல்லவே. கருவிகளைக் கட்டிக்கொண்டு கரையேறினார். அந்த முனகல் மட்டும் இரண்டு நாளும் காதை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடற்கரைக்கு வந்தவர், படகு தெற்கே போவதைப் பார்த்தார். மேற்கேயிருந்து கச்சான் காற்று பலமாக அடித்தது. முன்பாயின் விளிம்பு அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக நின்றது. ஏழு சுற்றில் அப்படி நிற்காது. ஜோன்ஸிடம் எஞ்சினைப் போடச் சொன்னார். அவன் ஃபைபர் படகைக் கிளப்பினான்.

அருகே போய் மத்தியாஸ் பாய்மரப் படகில் தாவி ஏறினார். டாக்டரின் மைத்துனர் கணேஷ்ராம் சுக்கானைப் பிடித்திருந்தார். வேகம் கூடியதும் உற்சாகத்தில் கோட்டைத் தாண்டித் திருகை முறுக்கியது அவர்தான். டாக்டர் உள்ளே கழிப்பறைக் கதவின் முன் சுத்தியலோடு மண்டியிட்டிருந்தார். அவர் மனைவி கோமதி அதற்குள் போய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தது. ஈரத்தில் கதவு ஊதிவிட்டது, ஒரு தட்டு தட்டினால் போதும் என்றார் டாக்டர்.

"கதவத் தொடாதீங்க" என்றார் மத்தியாஸ்.

உள்ளேயிருந்து கோமதியின் குரல் நிதானமாக வந்தது. "இங்கன காலுக்குக் கீழ தண்ணி ஏறுது."

டாக்டரின் கையிலிருந்து சுத்தியல் நழுவியது. பாய் ஒருமுறை உதறினாலே போதும், அந்த அதிர்ச்சியில் பாய்மரம் அடியைத் துளைத்துவிடும். மத்தியாஸ் படகைக் காற்றை நோக்கித் திருப்பாமல், கயிற்றைப் பைய விட்டு, இரண்டு பாயையும் அங்குலம் அங்குலமாக இறக்கவைத்தார். பின்முனைக்குப் போய்த் திருகைத் தளர்த்தினார். ஒவ்வொரு சுற்றுக்கும் படகு முனகியது. பதினான்காவது சுற்றில் கதவு தானாகத் திறந்தது, தண்ணீர் ஏறுவதும் நின்றது. கணுக்காலுக்குமேல் நனைந்த சேலையோடு கோமதி வெளியே வந்தார்.

ஜோன்ஸ் படகைக் கட்டி இழுத்துவந்தான். கரையில் நடந்ததையெல்லாம் கேட்டறிந்த கோமதி மத்தியாஸிடம் வந்தார்.

"தெரிஞ்சும் அந்தக் கைப்பிடிய ஏன் விட்டுட்டுப் போனீக, அண்ணாச்சி?"

"படகு ஐயாவோடதுன்னு விட்டுட்டேன்மா. தப்புதான்."



அதற்கு ஒன்பதாம் நாள், இலைகூட அசையாத காலையில், ஆற்றுவாயில் ஆளில்லாமல் கட்டிக்கிடந்த படகில் உளுத்த கட்டை நொறுங்கி, பாய்மரம் அடிப்பலகையைப் பிளந்துகொண்டு இறங்கியது. பத்து நிமிடத்தில் படகு சேற்றில் உட்கார்ந்தது. கம்பிகள் மீனவர்களின் வலைகளைக் கிழித்துவிடக் கூடாதென்று மத்தியாஸ் மூச்சைப் பிடித்து மூழ்கி ஒவ்வொன்றாகக் கழற்றினார். எல்லாவற்றையும் கரையேற்றி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.