மேல் ஹோஸுக்குக் கட்டுப் போட்ட கதை

கார் ரேடியேட்டர் ஹோஸுக்குப் பேண்டேஜ் துணி சுற்றியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டுப் பின்பக்கம் எங்களுக்கு நாலு பவர்லூம் ஓடுகிறது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கட்டுத்துணிதான் நெய்கிறோம். ராஜபாளையம் பக்கத்தில் இந்தத் தொழில் செய்கிற வீடுகளில் எதற்கெடுத்தாலும் அந்தத் துணிதான். ஜன்னல் ஆடினால் துணி, குழாய் ஒழுகினால் துணி, மோர் வடிகட்டவும் துணி. அதனால் என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சுடுதண்ணீர் போகிற மேல் ஹோஸ் கசிய ஆரம்பித்தபோது என் கை தானாக ரோலை எடுத்துவிட்டது. நாலு சுற்றுச் சுற்றி, மேலே டேப் ஒட்டி, பானட்டை மூடினேன். கசிவு வெளியே தெரியவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். ஆனால் எந்த வேலையையும் இன்னொருவன் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. நாற்பது வருஷமாகத் தறியைப் பிரித்துப் பூட்டியவனுக்கு ஒரு ரப்பர்க் குழாய் என்ன பிரமாதம் என்று நினைப்பு. தினமும் காலையில் ஒரு பாட்டில் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. நாள் முழுக்க அவள் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன தண்ணீர் ஒரே ஒரு பாட்டில். அதைக் கோடு போட்டு வைத்து மடக்கு மடக்காகக் குடிப்பாள்.

“கொடுத்து வச்ச காரு. என்னைய விட நல்லாக் குடிக்கி” என்றாள் ஒரு நாள். நானும் சிரித்தேன். அவள் சொன்னதில் எனக்கு ஒரு எச்சரிக்கை இருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்தக் கார் வாங்கியதே அவளுக்காகத்தான். செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள், காலை ஏழு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு வெளியே வரும்போது பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பாள். பஸ் படி ஏற முடியாது. ஆட்டோவில் குலுங்கினால் வாந்தி. மகன் ராணுவத்தில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒருமுறை வருவான். ஆக, நானும் அவளும் இந்தப் பழைய காரும்தான்.

அந்தச் சனிக்கிழமை திரும்பி வருகிறோம். மம்சாபுரத்துக்குப் பாதை பிரிகிற விலக்கைத் தாண்டியதும் பானட் இடுக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி. ஓரங்கட்டித் திறந்தால், துணியோடு சேர்ந்து ஹோஸ் வாயைப் பிளந்திருந்தது. உச்சி வெயில். அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். டயாலிசிஸ் ஊசி குத்திக் கட்டுப் போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, என்ஜினிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் துணியையே பார்த்தாள்.

“அது ரத்தத்தை உறிஞ்சுறதுக்கு நெய்யிற துணில்லா. தண்ணியை எப்படிங்க நிப்பாட்டும்?”

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. டயரை ஒரு உதை உதைத்தேன். வலித்தது எனக்குத்தான்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தேங்காய் ஏற்றிய லோடு வண்டி ஒன்று நின்றது. ஓட்டி வந்தவருக்கு மம்சாபுரம். அவள் முகத்தைப் பார்த்தவர், என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “அக்கா, முன்னாடி ஏறுங்க” என்று சீட்டில் கிடந்த சாக்கை எடுத்துவிட்டுத் துண்டை விரித்தார். காரைக் கயிற்றால் கட்டி, மாட்டை நடத்துவது போல மெதுவாக வீடு வரை இழுத்து வந்தார். டீ குடிக்கக்கூட நிற்கவில்லை. அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். பெயர் தெரியாதவருக்காகச் சாமியிடம் எப்படி வேண்டுவது என்று தெரியாமல், ‘அந்தத் தேங்காய் வண்டிக்காரர்’ என்றுதான் இன்றுவரை வேண்டிக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் அவள் சொன்னாள்: “செவ்வாய்க்கிழமை நான் வரலைங்க.”

“கார் இல்லேன்னா வாடகைக் கார் சொல்லுதேன்.”

“அதுக்கில்ல. போதும்னு இருக்கு. ஒரு தடவை விட்டா என்ன ஆயிரும்?”

என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். ஒரு தடவை விட்டவர்கள் அடுத்த தடவையையும் விட்டதை அந்த வார்டிலேயே பார்த்திருக்கிறோம். அவளுக்கு எத்தனையோ நாளாக அலுப்பு இருந்திருக்கும். அதைச் சொல்ல ஒரு காரணம் இல்லாமல் இருந்தது. நான் சுற்றிய துணி அந்தக் காரணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டது. இரவு முழுக்க எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் தெரு மெக்கானிக் சேத்தூரில் மாமியார் வீட்டுக் கோயில் கொடைக்குப் போயிருந்தான், புதன்கிழமைதான் வருவான். திங்கள் காலை ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்ததும் முதல் ஆளாக நின்றேன். கடைக்காரர் கிழிந்த ஹோஸை வாங்கி உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். விரல் நுனியில் வெள்ளையாக உப்பு.

“போர் தண்ணியா ஊத்துனீங்க? நல்லா இருக்குண்ணே உங்க வைத்தியம். மேல் ஹோஸ் மட்டும் மாத்தாதிய, கீழ் ஹோஸுக்கும் அதே வயசுதான். ரெண்டையும் மாத்திருங்க. இனிமே கூலன்ட்தான் ஊத்தணும், பாத்துக்கிடுங்க.”

வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வேலை நான் நினைத்த மாதிரி இல்லை. அடியில் ஒரு பேசினை வைத்துப் பழைய தண்ணீரை இறக்கினேன். ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற துருவேறிய கிளாம்ப் ஸ்குரூடிரைவருக்கு மசியவில்லை. கீழ் ஹோஸ் இரும்பு வாயோடு ஒட்டிப்போயிருந்தது. கத்தியால் கீறித்தான் கழற்றினேன். முழங்கை எல்லாம் சிராய்ப்பு. உப்புத்தாள் போட்டு வாய்களைத் தேய்த்து, புதுக் குழாய்க்குள் சோப்புத் தண்ணீர் தடவிச் செருகி, கிளாம்ப்பை முறுக்கி, கூலன்ட் ஊற்றி ஸ்டார்ட் செய்யும்போது மணி நாலு. சூடேறச் சூடேற, மேல் ஹோஸ் மாட்டிய வாயிலிருந்து ஒரு சொட்டு. துடைத்தேன். இன்னொரு சொட்டு. கிளாம்ப்பை இன்னும் முறுக்கினேன். அப்போதும் சொட்டியது. தெருவுக்கே கேட்கும்படி அந்தக் காரைச் செய்தவனுடைய பரம்பரையைத் திட்டினேன்.

“செத்த நேரம் சும்மா இருங்க” என்று குரல் கேட்டது. இரண்டு நாளாகப் படுக்கையை விட்டு எழாதவள், சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். “அதை ஆஃப் பண்ணுங்க. நான் பாக்கேன்.”

என் போனில் டார்ச்சைப் போட்டுக் குனிந்தாள். எங்கள் தறியில் இறங்குகிற துணியை இருபது வருஷம் சோதித்துச் சோதித்து மடித்தவள். ஒரு இழை பிசகியிருந்தாலும் பத்தடி தூரத்தில் கண்டுபிடிப்பாள்.

“இந்தா, ஹோஸ் ஓரத்துல ஒரு நூலு நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க.”

எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி போட்டும் தெரியவில்லை. என்ஜின் ஆறும்வரை அவள் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள். குழாயைக் கழற்றியபோது இருந்தது: நான் சுற்றிய கட்டுத்துணியின் ஒற்றை இழை, வெந்து பழுத்து, உப்புத்தாளுக்கும் தப்பி இரும்பு வாயோடு ஒட்டிக்கொண்டு, ரப்பருக்கு அடியில் தண்ணீருக்கு வழிவிட்டிருந்தது. அவளே நகத்தால் சுரண்டி எடுத்தாள். திரும்ப மாட்டினோம். டார்ச்சை அவள் பிடித்தாள், நான் முறுக்கினேன்.

“போதும் போதும். எம்புட்டு முறுக்குவிய? புதுசும் கிழிஞ்சிரும்.”

கால் மணி நேரம் என்ஜின் ஓடியது. ஃபேன் சுற்றி நின்றது, மறுபடி சுற்றியது. சொட்டு இல்லை. நான் செய்த முட்டாள்தனத்தை அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. மறுநாளைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு, வண்டியைத் துடைக்கிற சாக்கில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் குளித்துச் சேலை மாற்றி, ஆஸ்பத்திரி ஃபைலோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுத்தேன். மம்சாபுரம் விலக்கைத் தாண்டினோம். சூடு காட்டும் முள் பாதியில் அசையாமல் நின்றது. அவளும் எட்டி அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“வியாழக்கிழமையும் இதுலயே போயிரலாம்லா?” என்றாள்.

போகலாம் என்று தலையை ஆட்டினேன். கும்பிட வேண்டிய ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.