அசருக்குப் பின் ஆறு ஆனைக்கு

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். மருதமுனையிலிருந்து வான் வண்டி பிடித்து, இறக்காமத்துக்கு அப்பாலுள்ள ஆற்றோரக் காட்டுக்குப் போயிருந்தோம். குளிக்க, சமைக்க, மருத மர நிழலில் ஒரே சகன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட.

ஒரு காலத்தில் அங்கே காடே இல்லை. கரை வரை வெட்டி நெல் விதைத்திருந்தார்கள். வெள்ளம் கரையைத் தின்றது. தண்ணீருக்குப் போக வழியில்லாத யானைகள் வயலைத் தின்றன. பிறகுதான் ஊரார் கூடி, ஆற்றோரத் துண்டுகளை விட்டுக்கொடுத்து மருதும் நாவலும் நட்டார்கள். முதலில் தன் வயல் வரம்பை வெட்டிவிட்டவர் மச்சான், என் அக்கா ராத்தாவின் மாப்பிள்ளை. "ஆனைக்குச் சீதனம் குடுத்த மனிசன்" என்று கடைத்தெருவில் இன்றும் பகிடி.

அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பின்னேரத் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்டால் மனிதர் கரையேற வேண்டும். அதன்பின் ஆறு யானைக்கு.

அன்று பாங்கு கேட்டபோது எங்கள் புரியாணி தம்மில் இருந்தது.

"மச்சான், இன்னம் கொஞ்ச நேரம்..." என்றேன்.

"ஆனைக்கிட்டக் கேட்டுட்டு வா" என்றார், அடுப்பில் தண்ணீரை ஊற்றியபடி.

கரை நிறைய இருந்த குடும்பங்கள் பாய் சுருட்டி, சட்டி தூக்கி, மேட்டிலிருந்த மண்கட்டின் மேல் ஏறின. நாங்களும் ஏறினோம்.

தாயும் குட்டியுமாக இரண்டு யானைகள் வந்தன. காட்டின் விளிம்பில் தாய் நின்றது. ஒரு பக்கம் மரங்களுக்கிடையே ஆற்றுக்குப் போகும் தடம். மறுபக்கம் கதிர் தள்ளிய வயல். மச்சானுக்கு மிஞ்சிய ஒரே வயல். தும்பிக்கை வயல் பக்கம் நீண்டது. மச்சானின் கை சாரத்து மடியிலிருந்த ஆனைவெடிக்குப் போனது.

"கொளுத்துங்க மச்சான்!" என்றேன் நான்.

"பொறு. இப்ப வெருட்டினா அந்தத் தடத்துக்கு இனி வராது."

வெடி வெளியே வரவில்லை. மண்கட்டின் மேல் நின்ற அத்தனை பேரும், பிள்ளைகள்கூட, அந்தத் தும்பிக்கையையே பார்த்திருந்தோம். காற்றில் கதிர்கள் மட்டும் சரசரத்தன.

தாய் தலையைத் திருப்பியது. மரங்களுக்குள் நுழைந்தது. குட்டி பின்னால் ஓடியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அளையும் சத்தம்.

"சீதனம் வீண் போகல்ல" என்று ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அரை வேக்காட்டுப் புரியாணியை மண்கட்டின் மேலேயே சகனில் கொட்டிச் சாப்பிட்டோம். பல்லில் அரிசி கடிபட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

பெருநாள் கூட்டத்திலும் கேட்ட பாங்குக்குக் கரையை விட்டுக்கொடுக்கும் அந்த மனிதர்கள் என் சொந்தங்கள் என்று சொல்லும்போது, என் குரல் இன்றும் என்னையறியாமல் ஒரு பிடி உயர்ந்துவிடுகிறது.