நஞ்சுக்கொடி தாண்டிய பகை

அன்பான முருகனடியார்களே, முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மனைவி முத்துலட்சுமியின் வயிற்றில் மிதித்தவன் நான்.

அது ஆடி மாதம், நல்ல சாரல். குத்துக்கல்வலசையில் மர அறுவை மில்லில் எனக்கு வேலை. கூட்டாளிகளோடு குற்றாலத்தில் குளித்துக் குடித்துவிட்டு, மேலகரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்தேன். மீதியிருந்த பாட்டிலை அவள் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றினாள். முடியைப் பிடித்துக் கீழே தள்ளினேன். மிதித்தேன். அவள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

அருவிக்கரையில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னோம். பிள்ளை செத்துப் பிறந்தது. "ரத்த குரூப் பாக்கணும், ஊசி போடணும், இருங்க" என்று நர்ஸ் சொன்னார். போலீஸ் வந்துவிடும் என்ற பயத்தில், கையெழுத்துப் போட்டு அவளை அன்றே கூட்டிவந்துவிட்டேன்.

அவளுடைய அண்ணன் பரமசிவன் நியாயம் கேட்க மில்லுக்கு வந்தார். நான் ஒரு மரச் சட்டத்தை எடுத்து அடித்ததில் அவர் வலது கை எலும்பு முறிந்தது. அத்தோடு உறவும் முறிந்தது.

அடுத்த வருடம் அவள் மறுபடி உண்டானாள். ஆறு மாதம் தாண்டியதும் பிள்ளை அசைவது குறைந்தது. மதுரைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா முகம் மாறியது. பிள்ளையின் உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது.

"அம்மாவுக்கு நெகட்டிவ் ரத்தம். முதல் தடவை வயித்துல ஏதாவது அடிபட்டுச்சா?"

நான் வாயைத் திறக்கும் முன் முத்துலட்சுமி சொன்னாள்: "இவுகதான் மிதிச்சாவ, டாக்டர்."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. விளக்கினார். "அன்னைக்குப் பிள்ளையோட பாசிட்டிவ் ரத்தம் அம்மா ரத்தத்துல கலந்திருக்கு. அதைப் பகையா நினைச்சு, எதிர்த்துச் சண்டை போட அவங்க உடம்பு ஒரு புரதத்தை உண்டாக்கிருச்சு. அதுதான் இப்ப உள்ளே போய் இந்தப் பிள்ளையோட ரத்த அணுக்களை உடைக்குது. அன்னைக்கே அதுக்கான ஊசியைப் போட்டிருந்தா இது வந்திருக்காது."

"நஞ்சுக்கொடி அதைத் தடுக்காதா?" என்றேன்.

"தடுக்காது. அம்மாவோட நோய் எதிர்ப்புப் புரதம் பிள்ளைக்குப் போகணும்னு நஞ்சுக்கொடியே அதைப் பிடிச்சு உள்ளே அனுப்புது. காப்பாத்துறது எது, கொல்லுறது எதுன்னு அதுக்குப் பிரிக்கத் தெரியாது."

வயிற்றுக்குள்ளேயே பிள்ளைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் ஏற்ற வேண்டும். அன்று ரத்த வங்கியில் அந்த குரூப்பில் புது ரத்தம் இல்லை. பஸ் பிடித்து, எங்கள் ஊர்ப் பக்கத்து ஆய்க்குடி முருகன் கோயிலுக்கு ஓடினேன். சன்னதியில் விழுந்தேன். "முருகா, என்னை எடுத்துக்கோ. அதை விட்டுரு." தரையில் தலையை மோதினேன், நெற்றி கிழிந்தது. அப்போது மனதில் ஒரே ஒரு முகம்தான் வந்தது. பரமசிவன். தங்கையைப் போல அவருக்கும் ஓ நெகட்டிவ்தான். என் மூளை அதை யோசிக்கவில்லை, அவனே கொண்டுவந்து நிறுத்தினான். அப்படித்தான் நம்புகிறேன்.

அங்கிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் பரமசிவன் பாய்ந்து வந்தார். "ஏலே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்கன வந்தே?" நான் முறித்த அதே கையால் அறைந்தார். விழுந்தேன். வாயெல்லாம் ரத்தம். எழுந்திருக்காமலே சொன்னேன்: "மச்சான், என்னைக் கொன்னுருங்க. அதுக்கு முன்னால உங்க தங்கச்சி பிள்ளைக்கு ரத்தம் குடுங்க."

விலாவில் ஒரு உதை விழுந்தது. அப்புறம் நின்றார். மூச்சு வாங்கியது. "எந்த ஆஸ்பத்திரிலே? சொல்லித் தொலை."

அவர் ரத்தத்தைச் சோதித்து, சொந்தக்காரர் ரத்தத்தின் வெள்ளையணுக்கள் பிள்ளையைத் தாக்கிவிடக் கூடாது என்று கதிர்வீச்சும் காட்டித் தயார் செய்தார்கள். மறுநாள் அவள் வயிற்றைத் துளைத்துத் தொப்புள்கொடியின் ரத்தக்குழாயில் ஊசி இறக்கினார்கள். கதவுக்கு வெளியே நான் ஒரு மூலை, அவர் ஒரு மூலை. உள்ளே "ஹார்ட் ரேட் இறங்குது!" என்று ஒரு சத்தம். "முருகா, முருகா" என்று சுவரில் குத்தினேன். எதிர்மூலையில் அவரும் அதையேதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "கைவிட்டுப் போச்சுன்னு நினைச்சேன். இதயம் திரும்ப அடிக்க ஆரம்பிச்சிருச்சு." இருவரும் அழுதோம்.

பின்னும் இரண்டு முறை ஏற்றினார்கள், அதற்கு வங்கியில் ரத்தம் கிடைத்தது. எட்டாம் மாதம் பெண் பிறந்தாள். மஞ்சள்காமாலைக்கு நீல விளக்கின் கீழே பல நாள் கிடந்தாள், பிழைத்தாள்.

முத்துலட்சுமி பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்குத்தான் போனாள். "குடிய விட்டுட்டு வாங்க. அப்புறம் பாப்போம்" என்றாள். மருத்துவம் பார்த்துக் குடியை விட்டேன். ஒரு வருடம் கழித்துத்தான் வந்தாள். மன்னித்தாளா என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் இல்லை.

அடியார்களே, மனைவிக்கு நெகட்டிவ் ரத்தம் என்றால் ஊசியைத் தவறவிடாதீர்கள். அடிபட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கை ஓங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றே ஆய்க்குடிக்கு வாருங்கள். செய்ததை அவன் முன்னால் வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்குக் காட்டியவன் உங்களுக்கும் ஒரு வாசலைக் காட்டுவான். அங்கே அடி விழலாம். வாங்கிக்கொள்ளுங்கள்.