பெட்டிக்குள் சிரித்தவள்

என் மூத்த பேரன் சிவராமன் வாத்தியார் வேலைக்குத் தெரிவாகி உக்குவளையில் படிப்பிக்கிறான். தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பிறந்து கரும்பலகைக்கு முன்னால் நின்ற முதல் ஆள் அவன்தான். அவன் தங்கை கலா பேச்சுப் போட்டியில் வாங்கிய கிண்ணத்தில் இப்போது சாமிக்குத் திருநீறு வைத்திருக்கிறோம். இன்னொரு பேத்தி பொன்னி தையல் மிஷினில் உட்கார்ந்தால் கல்யாணச் சட்டைக்கு மாத்தளை டவுனிலிருந்தே ஆள் வருகிறது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளை அவள். பெருமை அடிக்கிறேன் என்றால் அடித்துவிட்டுப் போகிறேன். சிவராமன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த ரேடியோவில்தான் நவரத்தினம் ஐயாவின் மரண அறிவித்தல் வந்தது. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்த பொன்னி, யார் என்று கையால் கேட்டாள். நெஞ்சுக்கு நேரே பெட்டியைத் தொங்கவிடுகிற மாதிரிக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி ஐயாவின் வீட்டு அம்மா கடிதம் போட்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் ஐயாவோடு பழகிய உங்கள் எல்லோருக்கும் இதை நான்தான் சொல்ல வேண்டும்.

ஐயா முதன்முதல் எங்கள் எல்கடுவைத் தோட்டத்துக்கு வந்தபோது நாங்கள் மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடம். பனி அந்தக் காட்டிலிருந்துதான் இறங்கி வரும். அதற்குள்ளிருந்து கருமந்திகள் ஊளை மாதிரிக் குரல் கொடுக்கும்; ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. கழுத்தில் சத்தம் பதிகிற பெட்டியும் கையில் சத்தம் பிடிக்கிற பெரிய சட்டி போல ஒன்றுமாக ஒரு மனிதர் பனியிலிருந்து வந்தார்.

"காட்டுல என்னா வேலைங்க தொரை?" என்றேன்.

"குரங்குகள் கதைக்கிறதைக் கேக்க வந்தனான்."

எங்களுக்குக் கதை என்றால் ராசா ராணிக் கதை. என் மகள் ராசாத்தி முதுகுக் கூடை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் அடங்கியதும் எனக்குப் பற்றிக்கொண்டது; ஐயா பெட்டியில் எதையோ அழுத்திச் சட்டியை என் பக்கம் திருப்பினார். சிரித்து முடித்து, "கொரங்கு என்னா கதைங்க சொல்லும்?" என்று கேட்டேன். ஐயா கோபிக்கவில்லை. "உங்கடை ஊரிலை பேசுறதெண்டு சொல்லுவியள் போல. எங்களுக்குப் பேசுறதெண்டா ஏசுறது" என்றார். அன்றிலிருந்து அவருக்கு லயத்தில் பெயர் கொரங்குத் தொரை.

குரங்குக் குட்டிகள் கட்டிப் புரளும்போது வாயைத் திறந்து ஹ்ஹ் ஹ்ஹ் என்று மூச்சு விடும். அதைக் காட்டி ஐயா சொல்வார்: "இது சண்டை இல்லை, விளையாட்டு எண்டு மற்றதுக்குச் சொல்லுது. எங்கடை சிரிப்பு இதுக்குத் தங்கச்சி." வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் ஒலிநாடாச் சுருளையும் ஒருநாள் போட்டுக் காட்டினார். வாலில்லாக் குரங்கு ஒன்றைக் கிச்சுக் கிச்சு மூட்டியபோது எடுத்ததாம். லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த அங்கம்மா, "எவனோ மலையேறி ஓடியாந்து மூச்சு வாங்குறான்" என்றாள். "நாங்கள் மூச்சை விட்டுச் சிரிக்கிறம். இது இழுத்தும் சிரிக்குது" என்றார் ஐயா. அன்று காம்பிராவில் தனியாக இருந்தபோது மூச்சை இழுத்துச் சிரித்துப் பார்த்தேன். வந்த சத்தம் எனக்கே பிடிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தேன்.

அதன் பிறகு ராசாத்தி காய்ச்சலில் போய்விட்டாள். பொன்னி அப்போது தொட்டில் பிள்ளை. அந்தச் சாவோடு என் சிரிப்பும் நின்றது.

பொன்னி நடந்து திரிகிற வயதில் ஒரு காலை, பனிக்குள்ளிருந்து ராசாத்தி சிரித்தாள். நிரையில் நின்ற அத்தனை பேரும் கேட்டோம். அங்கம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். பனி விலகியபோது தேயிலைச் செடிகளின் நடுவே பொன்னி, குரங்குக் குட்டிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அச்சு அசல் தாயின் சிரிப்பு.

"தாய் சத்தம் ஒரு நாளும் காதுல விழாத புள்ளைக்கு, தாய் சிரிப்பு எங்கயிருந்துடி வந்துச்சு?" என்று அங்கம்மா கேட்டாள். நான் பொன்னியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பொன்னி வந்தால் மற்றப் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பெற்ற தகப்பனே, "அத்தை, அவ சிரிச்சா எனக்கு முதுகு கூசுது" என்றான். பேயோட்டுகிற கோடாங்கியை அழைத்தார்கள். பிள்ளையின் முடியை மரத்தில் வைத்து ஆணி அடித்துத் தாயின் ஆவியைப் பிரிக்க வேண்டும், பிரிந்தால் சிரிப்பும் போய்விடும் என்றார் அவர். பிள்ளையை அடிப்பார்களே என்று ஒரு பயம். என் மகளின் சிரிப்பை இன்னொரு தரம் சாகக் கொடுக்கிறேனே என்று இன்னொரு பயம்.

உடுக்கை அடிக்கத் தொடங்கிய நேரத்தில் ஐயா காட்டிலிருந்து இறங்கி வந்தார். பொன்னியின் தலைமுடி அவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று கோடாங்கியிடம் சொல்லிவிட்டு, பொன்னியின் சிரிப்பை முதலில் போட்டார். அந்த வாரம்தான் எடுத்திருந்தாராம்.

"ராசாத்தியேதான்!" என்றது கூட்டம்.

பழைய சுருள் ஒன்றை மாட்டினார். பெட்டிக்குள்ளிருந்து ராசாத்தி சிரித்தாள். செத்துப்போன பிள்ளை, பட்டப்பகலில், எங்கள் வாசலில் சிரிக்கிறாள். மருமகன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். உடுக்கை நின்றது. "ஐயோ ராசாத்தி" என்று அங்கம்மா மாரில் அடித்துக்கொண்டாள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"இது ராசாத்தி இல்லை. ராசாத்தியை நான் பதியவே இல்லை" என்றார் ஐயா. "இது நீங்கள், மீனாட்சியம்மா."

"நான் இல்லீங்க. எம் புள்ளைய எனக்குத் தெரியாதா?"

சுருளை இன்னும் கொஞ்சம் ஓடவிட்டார். சிரிப்பு அடங்கியது. "கொரங்கு என்னா கதைங்க சொல்லும்?" என்று பெட்டி கேட்டது.

நான் கேட்டது. என் சொல். என் தொண்டை.

"சிரிப்பு காதாலை படிக்கிற பாடமில்லை. எலும்போடை வாறது. அதே சிரிப்புச் சிரிச்ச மீனாட்சியம்மா உயிரோடை இருக்கிறா. இவவிலை ஆரின்ரை ஆவி?" என்று ஐயா கேட்டார். கோடாங்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப கெழவி முடிக்கும் சேத்து ஆணி அடிக்கணும்" என்றாள் அங்கம்மா. யாரோ களுக்கென்றார்கள். பொன்னி வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஐயா சுருளைத் திருப்பிப் போட்டார். கையில் என்ன தட்டுப்பட்டதோ, அவளும் சிரித்தாள். ஒருவரும் உள்ளே ஓடவில்லை. மருமகன் எழுந்துவந்து பிள்ளையைத் தூக்கினான். கோடாங்கி பொன்னியின் கையில் ஒரு கயிறு கட்டிவிட்டுப் போனார்.

அன்று தேத்தண்ணி குடிக்கும்போது ஐயா சுருளைக் கழற்றித் துணியில் சுற்றினார். "எனக்கும் பயமாத்தான் இருந்தது, மீனாட்சியம்மா" என்றார். "உங்கடை சிரிப்பு உங்கடை அம்மாவிட்டை இருந்து வந்தது. அவவுக்கு அவவின்ரை அம்மாவிட்டை. அப்பிடியே பின்னாலை போய்க்கொண்டிருந்தா, கடைசியிலை அந்தக் காட்டுக்குள்ளைதான் போய் நிக்கும்." இருவரும் மேலே பார்த்தோம். பனி மூடியிருந்தது. உள்ளே கருமந்தி ஒன்று குரல் கொடுத்தது. அன்று முதல் அந்தச் சத்தம் வந்தால் நான் வேலையை நிறுத்திவிட்டு நிற்பேன். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

ஐயா எனக்கு விட்டுப்போனது ஒன்றுதான். ராசாத்தியைக் கேட்க வேண்டும் போலிருந்தால், ஆளில்லாத நேரம் பார்த்துச் சிரிப்பேன். முதலில் என் சிரிப்பு மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் அவள் வந்துவிடுவாள். ஜன்னலோரம் போகிறவர்கள் கிழவிக்குப் பேய் பிடித்துவிட்டது என்பார்கள். சொல்லட்டும்.

அம்மா, ஐயா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவர் சிரித்தால் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஐயாவுக்கு ஒரு மகள் இருப்பதாகக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். துக்கம் கொஞ்சம் ஆறட்டும். பிறகு அந்தப் பிள்ளையைப் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். நிற்கவைத்து எடுக்க வேண்டாம். சிரிக்கும்போது எடுங்கள்.